பருந்துக் கூட்டைக் கலையாமல் காப்பது எப்படி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தென்னையில் பாதி ஏறியவர் அங்கேயே நின்று கத்தினார். தலையில் கட்டியிருந்த துண்டைச் செம்பருந்து உருவிக்கொண்டு போய்விட்டது. கீழே நின்ற தோப்புக்காரர் யோசிக்கவே இல்லை. "அருவாளால தட்டிவுட்டுட்டு வாய்யா" என்றார். தட்டிவிட்டார். சுள்ளியும் கந்தல் துணியும் தேங்காய் நாருமாக ஒரு சுமை கீழே வந்து விழுந்தது, அதோடு இரண்டு முட்டை. ஒன்று உடைந்திருந்தது, உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது. பக்கத்துத் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வருஷம் வைகாசியில் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கும்பாபிஷேகம். கலசத்தில் தண்ணீர் ஊற்றும் நேரத்தில் அதே தோப்புக்காரர் இரண்டு கையையும் தூக்கி, "கருடன் வந்துட்டாரு" என்று கண்ணில் நீர் வழிய நின்றார். நடிப்பு இல்லை, மனுஷன் உண்மையாகவே அழுதார். மரத்தில் இருந்தது அவருக்குப் பருந்து, கோபுரத்துக்கு மேலே சுற்றியது கருடன். இரண்டும் ஒரே பறவை என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பல வருஷமாக இந்த வேலையில் சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது இதுதான்: கூடு கலைக்கிறவர்களில் பறவை மேல் பகை உள்ளவர் அநேகமாக யாருமில்லை. ஒரு கோழிக்குஞ்சு, ஒரு தேங்காய்க் குலை, ஒரு இறால் குட்டை, இல்லை ராத்திரி கேட்ட ஒரு சத்தம், இவ்வளவுதான் காரணம். அந்தக் காரணத்துக்கு ஒரு வழி சொல்லிவிட்டால் கூடு பிழைத்துக்கொள்ளும். சட்டம் வேண்டும்தான், ஆனால் அது கூடு விழுந்த பிறகு வருவது.

முதல் வேலை: எந்தப் பறவை, எந்த மாசம்

இது தெரியாமல் மரக்காரரிடம் பேசப் போனால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். "எத்தனை நாளைக்கு மரத்தைத் தொடக்கூடாதுங்கிற?" என்பார். பதில் கையில் இருக்க வேண்டும்.

செம்பருந்து, அதாவது நம் கருடன், மார்கழி தொடங்கி சித்திரை வரை. தலையும் நெஞ்சும் வெள்ளை, மற்றதெல்லாம் செங்கல் நிறம். ஆற்றங்கரை, குளத்தங்கரைப் பெரிய மரங்கள், தென்னை. பெரும்பாலும் இரண்டு முட்டை, அடைகாப்பது 26, 27 நாள், அதன் பிறகு குஞ்சு பறக்க இன்னும் ஏழெட்டு வாரம். ஆக எண்பது நாளுக்குக் கொஞ்சம் கூட. இளம் செம்பருந்து பழுப்பாகத்தான் இருக்கும், அதைக் கரும்பருந்து என்று தப்பாக எழுதி வைக்காதீர்கள். வாலைப் பாருங்கள்: கரும்பருந்துக்கு நுனி பிளந்திருக்கும், செம்பருந்துக்கு உருண்டிருக்கும்.

வைரி, சில ஊரில் வல்லூறு என்பார்கள், புறா அளவுதான். பங்குனியிலிருந்து ஆனி வரை வேம்பிலும் மாமரத்திலும் காக்கை கூடு மாதிரியே ஒன்றைக் கட்டும். மூன்று நாலு முட்டை, மூன்று வாரம் அடை. கருந்தோள் பருந்துக்கு மாசமே கிடையாது, வயலில் எலி இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கருவேல மரத்தில் கட்டிவிடும். கூகையும் அப்படித்தான், கோபுரப் பொந்து, பழைய ஓட்டுவீட்டு மச்சு, மண்டபத்து இடுக்கு. புள்ளி ஆந்தை பட்டுப்போன பனையின் பொந்தில்.

கடலோரம் வந்தால் வெண்வயிற்றுக் கடற்கழுகு. முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, கோடியக்கரை, பிச்சாவரம் பக்கம் பார்க்கலாம். ஐப்பசியிலிருந்து பங்குனி வரை அதற்குக் கூட்டு வேலை. ஒரே கூட்டில் வருஷா வருஷம் சுள்ளி சேர்த்துக்கொண்டே போவதால் கூடு கட்டில் அளவுக்கு வளர்ந்திருக்கும். முட்டை இட்டு, குஞ்சு பறந்து போக நாலு மாசம். இதன் கூடு இருக்கும் மரம் ஒன்று உங்கள் ஊரில் இருந்தால் அது உங்கள் ஊர்ச் சொத்து என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

"இதெல்லாம் ஏராளமா இருக்கே, எங்க அழியுது?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். உலக அளவில் அழியும் பட்டியலில் உள்ள பெரும்புள்ளிக் கழுகு போன்றவை இங்கே குளிர்காலத்து விருந்தாளிகள், கூடு கட்டுவதில்லை. இங்கே கூடு கட்டுபவற்றில் பனங்கொண்டையைத் தேடி வரும் செந்தலை வல்லூறு ஆபத்தை நெருங்கும் பட்டியலில் இருக்கிறது. மற்றவை அந்த நிலைக்கு வரவில்லை. ஆனால் ஏராளம் என்ற வார்த்தையை நான் நம்புவதில்லை. பாறு கழுகு ஏராளமாகத்தான் இருந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து, 1990-களில் தொடங்கி பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் நாட்டில் நூற்றுக்கு 95-க்கும் மேல் துடைத்துவிட்டது. 2006-ல் அந்த மருந்தை மாட்டுக்குத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் அவற்றைப் பார்க்க மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். இங்கே சடாயு குண்டத்துத் திருநீறு மட்டும் இருக்கிறது, புள்ளிருக்குவேளூரில், அதாவது வைத்தீஸ்வரன் கோயிலில்.

வருஷத்துக்கு இரண்டு முட்டை இடும் பறவைக்கு ஒரு கூடு போனால் ஒரு வருஷம் போச்சு. முட்டை நிலையிலேயே போனால் சில சமயம் மறுபடி இடும், குஞ்சு நிலையில் போனால் அடுத்த வருஷம்தான்.

கூட்டைக் கண்டுபிடிப்பது, ஆனால் கிட்டே போகாமல்

மரம் மரமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு அலைய வேண்டாம். சுள்ளியோடு பறக்கும் பருந்து எந்தப் பக்கம் போகிறது என்று காலையில் ஒரு மணி நேரம் வரப்பில் உட்கார்ந்து பாருங்கள். மரத்தடியில் வெள்ளை எச்சம் தெளித்திருக்கும், மீன் முள், நண்டு ஓடு கிடக்கும். ஆந்தைக்கு வேறு அடையாளம்: பெருவிரல் அளவில் சாம்பலும் கறுப்புமாக உலர்ந்த உருண்டைகள் கீழே கிடக்கும். அது எச்சம் இல்லை, செரிக்காத முடியையும் எலும்பையும் அது கக்கிப் போட்டது. அந்த உருண்டையைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பின்னால் பெரிய வேலைக்கு ஆகும்.

எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது? வைரிக்கு ஐம்பது மீட்டர், செம்பருந்துக்கு நூறு, கடற்கழுகுக்கு இருநூறுக்கு மேல் என்பது என் கணக்கு. ஆனால் அடியைவிடப் பறவைதான் சரியான அளவுகோல். அது கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் நில்லுங்கள், கத்த ஆரம்பித்தால் திரும்பி நடங்கள். பங்குனி வெயிலில் தாய் எழுந்து போய்விட்டால் முட்டை வெந்துவிடும், இல்லையென்றால் பக்கத்திலேயே காக்கை காத்திருக்கும். படம் எடுப்பதற்காகக் கூட்டை மறைக்கும் கிளையை வெட்டுகிறவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எழுதினால் வார்த்தை தடித்துவிடும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, மரம், யார் நிலம், கூட்டில் என்ன பார்த்தீர்கள், எத்தனை மணிக்கு. வாரம் ஒரு முறை போதும். மரத்தைக் கூட்டோடு சேர்த்துத் தூரத்திலிருந்து ஒரு படம், தேதி தெரிய. பின்னால் கேஸ் என்று வந்தால் கூடு இருந்தது என்பதற்கு அந்த நோட்டும் படமும்தான் சாட்சி.

வாயைக் கட்டுங்கள்

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தேன், அதாவது குஞ்சு கொடுத்து. வெண்ணாற்றுக் கரையில் ஒரு வைரிக் கூடு, மூன்று குஞ்சு, கண்ணை உருட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. சந்தோஷத்தில் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். ஊர்ப் பெயர் போடவில்லை, அவ்வளவு புத்திசாலி நான். ஆனால் படத்தின் மூலையில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது, அதில் ஊராட்சியின் பெயர் கொட்டை எழுத்தில். ஐந்தாவது நாள் கூடு காலி. இரண்டு பேர் பைக்கில் வந்து ஏணி கேட்டார்கள் என்று எதிர்வீட்டு ஆத்தா சொன்னார். "நீ அனுப்பின ஆளுன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

ஆகவே குஞ்சு பறக்கும்வரை கூட்டின் இடம் மூன்று பேருக்கு மேல் தெரிய வேண்டாம்: நீங்கள், மரக்காரர், வனத்துறையில் ஒருவர். படத்தைப் பிறகு போட்டுக்கொள்ளலாம், பறவை ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. செல்போன் படத்திலேயே இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருக்கும், அனுப்புவதற்கு முன் அதை நீக்குங்கள்.

மரக்காரரிடம் பேசுவது

வேலையில் முக்கால் பங்கு இதுதான். வனத்துறைச் சீருடையோடு ஒருவரை முதல் தடவையே கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போனால், "ஓ, இதுக்காகத் தோப்பையே எடுத்துக்குவாங்களோ" என்ற பயம் வந்து, அன்று ராத்திரியே கூடு காணாமல் போகும். தனியாகப் போங்கள், திண்ணையில் உட்காருங்கள், விளைச்சலைப் பற்றிப் பேசுங்கள், கூட்டை அவரே பேச்சில் கொண்டுவரட்டும். என்ன காரணத்துக்காக அவருக்கு அது தொந்தரவு என்று முழுதாகக் கேளுங்கள். காரணத்துக்குக் காரணம் மருந்து வேறு.

தென்னை என்றால் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். நம் பக்கம் தேங்காய் வெட்டு நாற்பத்தைந்து, அறுபது நாளுக்கு ஒரு முறை. செம்பருந்து மரத்தில் இருக்கும் எண்பது சொச்சம் நாளில் அந்த ஒரு மரம் இரண்டு வெட்டுக்குத் தப்பும். வெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு காய் என்றால் மொத்தம் இருபது, இருபத்தைந்து காய். அதுவும் வீணாகாது, முற்றினது தானாக விழும், பொறுக்கிக்கொள்ளலாம். தோப்பில் இருநூறு மரம் வைத்திருப்பவருக்கு இது ஒரு பெரிய தொகையே இல்லை என்பது அவருக்கும் தெரியும். இல்லாதவருக்கு, நாலு மரம் மட்டும் வைத்திருக்கும் அம்மாவுக்கு, அந்தக் காயின் விலையை நீங்களே கொடுத்துவிடுங்கள். நாங்கள் மூன்று நண்பர்கள் பிரித்துக் கொடுத்திருக்கிறோம், டீக் காசுதான்.

மரம் ஏறுகிறவரை மறந்துவிடுகிறோம். அவரிடம் ஒருமுறை நான் பெரிதாகப் பேசப் போக, "தம்பி, உங்களுக்குப் பறவை, எனக்கு மண்டை" என்றார். அறுபதடி உயரத்தில் இடுப்புக் கயிற்றோடு தொங்கும்போது பின்னந்தலையில் நகம் பட்டால் கை விட்டுப்போகும். அவர் பேச்சில் தப்பே இல்லை. அதனால் கூடு இருக்கும் மரத்துக்குத் துணியில் ஒரு அடையாளம் கட்டிவிடுவது என்றும், அந்த மரத்தையும் அதை ஒட்டிய இரண்டு மரத்தையும் ஏறாமல் விடுவது என்றும், விட்ட மரத்துக்கும் ஏற்றுக்கூலியைக் கொடுத்துவிடுவது என்றும் பேசி முடித்தோம். கடைசி ஷரத்துதான் வேலை செய்தது.

கோழிக்குஞ்சு விஷயம் கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் நஷ்டம் உண்மையானது. தாய்க்கோழியின் பின்னால் போகும் பத்துக் குஞ்சில் ஆறு போய்விட்டால் அந்த வீட்டு அம்மாவுக்கு அது அரிசிப் பணம். "இயற்கைச் சமநிலை" என்று வாயைத் திறந்தால் விளக்குமாறு வரும். குஞ்சுகளை முதல் ஆறு வாரம் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பது, இல்லையென்றால் நாலு கழி நட்டு மேலே பழைய மீன்வலையை விரிப்பது. நாகப்பட்டினம், மல்லிப்பட்டினம் துறைமுகப் பக்கம் கிழிந்த வலை சும்மா கிடக்கும், மூட்டையாக வாங்கி வந்து கொடுங்கள். இரண்டு கினிக்கோழி வளர்த்தால் பருந்து நிழல் விழுந்ததுமே ஊரைக் கூட்டிவிடும். சிபிச் சோழன் கதையை எல்லோரும் புறாவுக்காகச் சொல்கிறார்கள், எனக்குப் பிடித்தது வேறு இடம்: அந்த ராஜா பருந்தை விரட்டவில்லை, அதன் பசிக்கும் சேர்த்துக் கணக்குத் தீர்த்தார். பஞ்சாரம் விலை அதைவிடக் குறைவு.

இறால் குட்டைக்காரர்கள் வெடி போடுவார்கள், சிலர் கரையில் நிற்கும் கூட்டு மரத்தையே வெட்டிவிடுவார்கள். குட்டைக்கு மேலே குறுக்கே நைலான் நூல் கட்டுவது நோய்த் தடுப்புக்காக எப்படியும் செய்ய வேண்டிய வேலை. அதைச் சரியாகச் செய்தால் பருந்து இறங்காது, மரத்தை வெட்டும் அவசியமும் இல்லை. பருந்து திடீரென்று கூட்டமாக இறங்கினால், மேலே மிதக்கும் நோய் இறாலை எடுக்கத்தான் வருகிறது என்று அனுபவப்பட்ட குட்டைக்காரர்களே சொல்வார்கள். அந்த வகையில் அது ஓசி எச்சரிக்கை.

செல்போன் கோபுரத்தில் கரும்பருந்து கட்டியிருந்தால், பராமரிப்புக்கு வரும் பையனிடம் குஞ்சு பறந்த பிறகு எடுக்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் கேட்பான்.

அப்புறம் ஆந்தை. இங்கே பிரச்சினை நஷ்டம் இல்லை, பயம். சாக்குருவி கத்தினால் வீட்டில் எழவு விழும் என்ற பேச்சு. கும்பகோணம் பக்கம் ஒரு பழைய வீட்டில் "மச்சுல பேய் குறட்டை விடுது" என்று மாந்திரீகர்வரை போய்விட்டார்கள். நான் ஏறிப் பார்த்தபோது ஐந்து கூகைக் குஞ்சுகள், படிக்கட்டு மாதிரி ஒன்றைவிட ஒன்று சிறியதாக, இதய வடிவத்தில் வெள்ளை முகத்தோடு உட்கார்ந்து ஒரே குரலில் இரைத்துக்கொண்டிருந்தன. பசித்தால் அவை அப்படித்தான் சத்தம் போடும், குறட்டையேதான். முதல் முட்டை இட்டதுமே அடைக்கு உட்காருவதால் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கும், அதனால்தான் அந்தப் படிக்கட்டு.

அந்த வீட்டுப் பெரியப்பாவிடம் நான் விஞ்ஞானம் பேசவில்லை. மச்சிலிருந்து நாலு கக்கல் உருண்டையை எடுத்து வந்து, ஒரு கிண்ணம் வெந்நீரில் ஊறப்போட்டு, ஈர்க்குச்சியால் பிரித்து தினத்தாள் மேல் பரப்பினேன். எலி மண்டையோடுகள், மஞ்சள் பல்லோடு தாடைகள், ஒவ்வொரு உருண்டையிலும் இரண்டு மூன்று. அவர் கண்ணாடியைப் போட்டு எண்ணினார். "பதினொண்ணு" என்றார். சம்பா வயலில் எலி வெட்டிய தூர்களை எண்ணிச் சலித்தவர் அவர். அதற்குமேல் நான் பேச வேண்டியிருக்கவில்லை. அறுவடைவரை வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைத்தால் ராத்திரி ஆந்தை அதில் உட்கார்ந்து எலி பிடிக்கும் என்பது நம் பக்கத்து விவசாயிகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வித்தைதான். அந்த ஆந்தைக்கு ஒரு வீடு வேண்டும் என்பதைத்தான் மறந்துவிட்டோம். எலி மருந்தையும் அந்த வயலில் விட்டுவிடுங்கள், மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் போகும். எலி பிடிக்கத் தஞ்சாவூர் கிட்டி என்ற மூங்கில் பொறி இருக்கவே இருக்கிறது.

கோயில் திருப்பணி தனிக் கதை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கோபுரத்தில் சாரம் கட்டி, புறா வரக்கூடாது என்று எல்லாப் பொந்தையும் அடைப்பார்கள், உள்ளே கூகைக் குஞ்சு இருந்தால் அப்படியே சமாதி. திருப்பணி தொடங்குமுன் செய்யும் பாலாலயம் நடந்தவுடனேயே செயல் அலுவலரையும் ஸ்தபதியையும் பார்த்து, எந்தப் பொந்தில் குஞ்சு இருக்கிறது என்று காட்டி, அதைக் கடைசியாக அடைக்கச் சொல்லுங்கள். அடைத்த பிறகு பக்கத்து மண்டபத்திலோ தோப்பிலோ இரண்டடிக்கு ஒன்றரையடி மரப்பெட்டி ஒன்றை, ஆறங்குல வாய் வைத்து, உயரத்தில் மாட்டுங்கள். குடி வர ஒரு வருஷம்கூட ஆகலாம்.

மரம் நின்றால்தான் கூடு

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது தென்னை மட்டுமா விழுந்தது? நூறு வருஷத்துப் புளி, ஆல், இலுப்பை எல்லாம் போயின. அதனால் மிச்சமிருக்கும் பெரிய மரம் ஒவ்வொன்றுக்கும் இப்போது கிராக்கி, பறவைக்கும் சரி, மரவியாபாரிக்கும் சரி. கூட்டை நேரடியாகக் கலைக்காமல் மரத்தையே ஏலம் விட்டுக் கலைப்பதும் கலைப்பதுதான்.

அரசு நிலத்து மரத்தை வெட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். பனையை வெட்டவும் ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று 2021-ல் அரசு அறிவித்தது. சாலை அகலப்படுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தவுடனேயே மனு கொடுங்கள், மரத்தில் எண் போட்ட பிறகு கொடுத்தால் தாமதம். கிராம சபையில் தீர்மானம் போடவைப்பது நல்ல வழி: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிடைக்கிறது. தீர்மானத்தில் "பெரிய மரங்கள்" என்று எழுதுங்கள், எந்த மரத்தில் கூடு என்று எழுதாதீர்கள். மேலே சொன்ன தண்ணீர்த் தொட்டியை நினைவில் வையுங்கள்.

ஆபத்தான வாரங்களில் காவல்

குஞ்சு வெளியே எட்டிப் பார்க்கத் தொடங்கும் இரண்டு மூன்று வாரம்தான் திருட்டுக்கான காலம். அதற்குமுன் யாருக்கும் தெரியாது, அதற்குப்பின் பிடிக்க முடியாது. செம்பருந்துக்கு இது மாசி கடைசியிலிருந்து சித்திரை வரை, அதிலும் பள்ளி விடுமுறை சேர்ந்துகொண்டால் கவண்கல்லும் சேரும். காவல் என்றால் கம்போடு நிற்பது இல்லை. அந்த வழியாக எப்படியும் போகிற ஆட்களைப் பிடியுங்கள்: பால்காரர், ஆடு மேய்ப்பவர், வாய்க்கால் மடை திறக்கப் போகும் தாத்தா. புது ஆள், ஏணி, கயிறு, வலைப்பை கண்டால் ஒரு போன், அவ்வளவுதான் அவர்கள் வேலை. கவண் வைத்திருக்கும் பையன்களை விரட்டாமல் நோட்டைக் கொடுத்துக் கணக்கெடுக்கச் சொன்னால் அவர்களைவிடக் கறாரான காவல் கிடையாது, நான் பார்த்துவிட்டேன்.

கலைத்துவிட்டால்

முதல் அரை மணி நேரத்தில் கோபப்படாதீர்கள், வேலை இருக்கிறது. எதையும் தொடாமல் படம் எடுங்கள்: மரம் முழுதாக, விழுந்த கூடு, முட்டை ஓடு அல்லது குஞ்சு, வெட்டுக்காயம், காலடி, வண்டித் தடம். பக்கத்தில் ஒரு செருப்பையோ ஸ்கேலையோ வைத்து எடுத்தால் அளவு தெரியும். இடக்குறிப்பை இப்போது நீக்காதீர்கள், இங்கே அது வேண்டும். பார்த்தவர் யார், என்ன வார்த்தை சொன்னார் என்பதை நோட்டில் அன்றே எழுதி அவரிடம் கையெழுத்து கேளுங்கள். தர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம், அவர் அந்த ஊரிலேயே இருக்க வேண்டியவர்.

"டெல்டாவுல காடே இல்ல, வனத்துறைக்கு இங்க என்ன வேலை" என்று சொல்பவர்கள் நிறைய. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972, காட்டுக்கு மட்டும் இல்லை, உங்கள் கொல்லைக்கும் பொருந்தும், மரம் யார் சொத்து என்றும் பார்க்காது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே, பிரிவு 2(16)-ல், பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று இல்லை. பிரிவு 9 முதல் இரண்டு அட்டவணையில் உள்ள உயிரினங்களை வேட்டையாடுவதைத் தடை செய்கிறது, நம் பருந்தும் ஆந்தையும் இந்த இரண்டுக்குள் வந்துவிடும். 2022-ல் திருத்தி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபடி, முதல் அட்டவணை உயிரினம் என்றால் பிரிவு 51-ன் கீழ் குறைந்தது 3 வருஷம், கூடினால் 7 வருஷம் சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. மற்றவற்றுக்கு 3 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

புகாரை வனச்சரக அலுவலருக்கு எழுதுங்கள், நகல் மாவட்ட வன அலுவலருக்கு. போனில் சொல்வது பேச்சோடு போகும். என் முதல் புகார் அப்படித்தான் போனது, "பார்க்கிறோம் சார்" என்றார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்: தேதி, நேரம், இடம், பறவை, என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், இணைத்த படங்கள் எத்தனை. நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத போலீஸ் அதிகாரிக்கும் இந்தச் சட்டத்தில் சோதனையிடவும் பிடிக்கவும் அதிகாரம் உண்டு, ஆகவே குஞ்சோடு ஆள் தப்பிக்கொண்டிருந்தால் யோசிக்காமல் 112. காவல் நிலையத்தில் மனு கொடுத்தால் மனு ரசீது கேட்டு வாங்குங்கள்.

எதுவும் நகரவில்லையா? பிரிவு 55-ன்படி, புகார் செய்யப்போவதாக 60 நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு நீங்களே நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்யலாம். பெரும்பாலும் அந்த அறிவிப்புக் கடிதம் போய்ச் சேர்ந்தவுடனேயே கோப்பு எழுந்து நடக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் என் நண்பர்களுக்கே உடன்பாடு இல்லை. தென்னை ஏறியவர் மேல் கேஸ் போடாதீர்கள். தட்டச் சொன்னவர் யாரோ, திருடி விற்பவர் யாரோ, அவர்கள் மேல் போடுங்கள். கூலிக்கு ஏறியவரை உள்ளே தள்ளினால் அந்த ஊரில் இனி ஒரு கூட்டைப் பற்றியும் உங்களுக்கு யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

விழுந்த குஞ்சு

கீழே கிடக்கும் குஞ்சு எல்லாம் அநாதை இல்லை. இறகு முளைத்து, கிளையில் தாவப் பழகும் பருவத்தில் தரையில் வந்து உட்காரும், தாய் மேலேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கும். நாய், பூனை வராத உயரத்தில் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். மனுஷக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது சும்மா பேச்சு.

பஞ்சு மாறாத குஞ்சு என்றால், கூடு மிச்சம் இருந்தால் அதிலேயே வையுங்கள். கூடு போய்விட்டால் மூங்கில் கூடையில் அடியில் நாலு ஓட்டை போட்டு, விழுந்த கூட்டின் சுள்ளியையே பரப்பி, அதே மரத்தில் பழைய உயரத்துக்குக் கிட்டத்தில் கட்டுங்கள். ஏறத் தெரிந்தவர் ஏறட்டும், நீங்கள் ஏறாதீர்கள். ஒரு பகல் தூரத்திலிருந்து பாருங்கள், சாயங்காலத்துக்குள் இரையோடு தாய் வந்தால் முடிந்தது.

காயம் என்றால் காற்று போக ஓட்டையிட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துண்டு, மூடி இருட்டாக்கி வனத்துறையிடமோ கால்நடை மருத்துவரிடமோ கொண்டுபோகும்வரை அமைதி. பால், சோறு, பிஸ்கட் எதுவும் வேண்டாம், வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்ச் செத்துவிடும். நகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அலகு மிரட்டும், குத்துவது நகம். வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற ஆசை வந்தால் மேலே சொன்ன அதே சட்டம் உங்கள் மேல் பாயும். பறவைகளைப் பற்றிச் சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமென்றால் மயிலாடுதுறை பக்கத்து மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆந்தையைத் தேடி நம் வயல்களில் நடந்தவர்கள்.

குஞ்சு பறந்துவிட்டது என்று கூட்டை எடுத்துவிடாதீர்கள். ஆடி, ஆவணியில் காலிக் கூட்டைப் பார்த்து "அதான் போயிடுச்சே" என்று தட்டுவார்கள். வருகிற மார்கழியில் அதே ஜோடி அதே கூட்டுக்குத்தான் சுள்ளி கொண்டுவரும். போன மாசம் தேங்காய் வெட்டு அன்று, துண்டைப் பறிகொடுத்த அந்த அண்ணன் என் வீட்டு வாசலில் கயிற்றோடு வந்து நின்றார். "தம்பி, எட்டாவது வரிசைல ஆள் இருக்கா, காலியா?" நான் நோட்டைப் புரட்டினேன். "ரெண்டு குஞ்சு இருக்கு, மூணு மரத்த விட்டுடுங்க." கூலியை முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் போனார்.